புற்றின் புரதங்கள் – 7
ஹெர்-2: ஆளைக் காட்டும், அடிக்கும் இடத்தையும் காட்டும்

'பெருகு' என்ற கட்டளை செல்லுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கட்டளையை வாங்கும் ஏற்பிகள் செல்லின் மேலுறையில் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஹெர்-2. நம் எல்லோர் உடலிலும் இருக்கும் சாதாரணப் புரதம்தான். இதற்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

சிக்கல் அளவில்தான் தொடங்குகிறது. சில மார்பகப் புற்றுக் கட்டிகளில் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. இயல்பான செல்லில் சில பத்தாயிரம் இருக்க வேண்டிய ஏற்பிகள், அங்கே 20 லட்சம் வரை போகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் ஏற்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெளியிலிருந்து உத்தரவு வராமலேயே 'பெருகு, பெருகு' என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இதன் முதல் தடயம் எலியின் நரம்புக் கட்டியில் கிடைத்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் வைன்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய இந்தியரான லட்சுமி சரண் பாடி, அதை 1982-இல் கண்டார். மனித மரபணுவை ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்ஸெல் உல்ரிச் குழு 1985-இல் பிரித்தெடுத்தது. அதை நோயாளிகளோடு இணைத்தவர் கலிஃபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லாமன். அவர் குழு 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்து 1987-இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 30 சதவீதக் கட்டிகளில் மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. மரணமும் சீக்கிரம் வந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் இந்த விகிதத்தை 15 முதல் 20 சதவீதம் என்கின்றன.

கொடுமையான நோயைக் காட்டிக்கொடுத்த அதே புரதம், செல்லின் வெளிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ரத்தத்தில் வரும் மருந்து அதைத் தொட முடியும். எலியில் உருவாக்கிய ஆன்டிபாடியை மனித உடல் ஏற்கும்படி மாற்றியமைத்தார்கள். அதுதான் டிராஸ்டுசுமாப். நோய் பரவிவிட்ட 469 பெண்களிடம் நடந்த பரிசோதனையில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதம், இந்த மருந்தும் சேர்ந்தபோது 25.1 மாதம். அமெரிக்க அரசு 1998 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. ஹெர்-2 அளவைக் கண்டறியும் சோதனைக்கும் அதே நாளில் ஒப்புதல் கிடைத்தது. நோய் பரவாத நிலையிலேயே மருந்தைக் கொடுத்தபோது, அது திரும்பும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியானதை 2005-இல் வந்த முடிவுகள் காட்டின.

ஹெர்-2 சோதனை இல்லாமல் இந்த மருந்து பிழைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து பேருக்குக் கொடுத்து ஒருவருக்கு மட்டும் பலித்தால், அந்த ஒருவரின் நன்மை மற்ற நால்வரின் கணக்கில் மறைந்துபோகும். யாருக்குப் பலிக்கும் என்று முன்பே பிரித்ததால்தான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

யாருக்குக் கூடாது என்று அறியவும் அந்தச் சோதனை வேண்டும். இதயத் தசைக்கும் ஹெர்-2 தேவை. அதைத் தடுக்கும்போது சிலருக்கு இதயத்தின் வலு குறைகிறது. ஆகவே எக்கோ எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தைத் தொடர்கிறார்கள். தேவையில்லாதவருக்கு இதைக் கொடுத்தால் செலவும் ஆபத்தும்தான் மிச்சம்.

பயாப்ஸித் திசுவுக்குச் சாயமேற்றி 0, 1+, 2+, 3+ என்று மதிப்பிடுகிறார்கள். 3+ என்றால் ஹெர்-2 பாசிட்டிவ். 2+ என்றால் 'ஃபிஷ்' என்னும் அடுத்த சோதனையில் மரபணுப் பிரதிகளை எண்ணி முடிவு சொல்கிறார்கள். எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். தாமதமானால் முடிவே பிசகலாம். 2022-இல் இன்னொரு திருப்பம். ஆன்டிபாடியோடு கீமோ மருந்தைப் பிணைத்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், நோய் பரவிய நிலையில் ஹெர்-2 குறைவாக உள்ளவர்களின் ஆயுளையும் நீட்டியது. முன்பு 'நெகட்டிவ்' என்று ஒதுக்கப்பட்ட 1+ அப்போதுதான் பொருள் பெற்றது.

2015-இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலேயே தயாராகும் மாற்று வடிவங்கள் அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டன. ஆனாலும் சோதனை நடந்தால்தான் மருந்துக்கு வழி. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்று அறிக்கை வந்தால், ஹெர்-2 முடிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'நெகட்டிவ்' என்றிருந்தால், 0-வா, 1+-ஆ என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் பாதையே அந்த ஒரு பதிலில் மாறலாம்.

அடுத்த வாரம்: மருந்துக்குப் பழகிவிடும் புற்றுச் செல்கள்.

(தொடரும்)