சீட் கிடைத்தாச்சு... க்ளாஸ் கிடைக்கலையா?

அட்மிஷன் கிடைத்து, விசா வாங்கி, கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, ஊறுகாய் பாட்டில் உடையாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிள்ளையிடமிருந்து முதல் வாரத்திலேயே ஒரு போன் வரும்.

"அம்மா, முக்கியமான க்ளாஸ்ல இடமே இல்லம்மா. வெயிட் லிஸ்ட்ல ஏழாவதா இருக்கேன்."

"பணம்தான் கட்டியாச்சே! அப்புறம் எப்படி இடம் இல்லேங்கறாங்க?"

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் டைம்டேபிளைத் துறையே போட்டுக் கொடுத்துவிடும். அங்கே ஒவ்வொரு செமஸ்டரும் எந்தப் பாடம், எந்த நேரம் என்று மாணவர்தான் ஆன்லைனில் பதிய வேண்டும். பெரும்பாலும் சீனியர்களுக்கு முதலில் தேதி தருவார்கள். புதிதாகச் சேருபவரின் முறை வரும்போது, கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற துறைகளில் கிராக்கியான வகுப்புகள் நிரம்பியிருக்கும். அப்போது கிடைப்பதுதான் வெயிட் லிஸ்ட்.

ரயில் டிக்கெட் மாதிரிதான் இதுவும். யாராவது விலகினால் நம் எண் முன்னேறும். பலர் கூடுதலாக ஒரு வகுப்பைப் பதிந்து வைத்து, முதல் வாரம் போய்ப் பார்த்துவிட்டு விடுவார்கள். அதனால் வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் பட்டியல் வேகமாக நகரும். பாடங்களைச் சேர்க்கவும் விடவும் கடைசி நாள் ஒன்று உண்டு. பல இடங்களில் அது முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்துவிடும். அதுவரை நம்பிக்கை இருக்கிறது.

விசாவை மறக்காதீர்கள்!

எஃப்-1 விசாவில் போனவர்கள் முழுநேர மாணவராக இருந்தே ஆக வேண்டும். இளநிலை என்றால் செமஸ்டருக்கு 12 கிரெடிட். முதுநிலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் 9. வெயிட் லிஸ்ட்டில் இருக்கும் பாடம் இந்தக் கணக்கில் சேராது. ஆன்லைன் வகுப்பிலும் ஒன்றுக்கு மேல் இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே, இடம் உறுதியான வேறு பாடங்களைப் பதிந்து கிரெடிட்டை முதலில் நிரப்பிக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுவிடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். கிரெடிட் குறைந்தால் விசா தகுதிக்கே ஆபத்து.

நம் முறை வந்தும் நழுவுவது ஏன்?

இடம் காலியானதும் கம்ப்யூட்டரே நம்மைச் சேர்த்துவிடும் முறை பல இடங்களில் உண்டு. ஆனால் அதே நேரத்தில் வேறு வகுப்பு இருந்தாலோ, கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டினாலோ, கட்டண பாக்கிக்காகக் கணக்கு முடக்கப்பட்டிருந்தாலோ, நம்மைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். அதே பாடத்தின் இன்னொரு பிரிவில் ஏற்கெனவே பதிந்திருந்தாலும் சிக்கல்தான். 'இது கிடைத்தால் அதை விட்டுவிடு' என்று சொல்லிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சில இடங்களில் 'இடம் இருக்கிறது, வேண்டுமா?' என்று மின்னஞ்சல் வரும். பதில் சொல்ல ஒரு நாள்தான் அவகாசம் இருக்கலாம். வாட்ஸ்அப் பார்ப்பது போல கல்லூரி மின்னஞ்சலையும் தினமும் பாருங்கள்.

கேட்டால் தப்பில்லை

பேராசிரியருக்கு மெயில் அனுப்பத் தயங்காதீர்கள். கெஞ்ச வேண்டாம், நாலு வரி போதும். பெயர், மாணவர் எண், பாடத்தின் எண், பிரிவு, இந்த செமஸ்டரே ஏன் தேவை என்ற காரணம். 'அடுத்த செமஸ்டர் படிக்க வேண்டிய பாடத்துக்கு இது முன்தேவை' என்பது வலுவான காரணம். சில பல்கலைக்கழகங்களில் பேராசிரியரே அனுமதி எண் தருவார்; சிலவற்றில் முடிவு துறை அலுவலகத்தின் கையில். யாரிடம் கேட்பது என்று ஆலோசகர் சொல்லிவிடுவார்.

அனுமதி இருந்தால் முதல் வகுப்புக்கே போய் உட்காருங்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, முதல் வார வீட்டுப்பாடத்தையும் செய்துவையுங்கள். பத்தாம் நாள் இடம் கிடைத்தாலும் பின்தங்க மாட்டீர்கள்.

வேண்டாம் என்றால் விலகிவிடுங்கள்

மனம் மாறிவிட்டதா? வெயிட் லிஸ்ட்டிலிருந்து பெயரை நீங்களே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தெரியாமலே வகுப்பில் சேர்ந்து, கட்டணமும் ஏறி, போகாத வகுப்புக்கு மதிப்பெண் பட்டியலில் 'எஃப்' விழக்கூடும்.

கடைசி நாள் வரை கிடைக்கவில்லையா? ஆலோசகரோடு உட்கார்ந்து, அந்தப் பாடம் மறுபடி எப்போது வரும், அதற்குள் எதை முடிக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் படிப்பின் வரிசைதான் மாறும், படிப்பு நின்றுவிடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெயிட் லிஸ்ட் என்றால் பிள்ளை எதிலோ தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. அடுத்த முறை போன் வந்தால் "ஏன் கிடைக்கலை?" என்று கேட்காதீர்கள். "கடைசி நாள் எப்போ? கிரெடிட் சரியா இருக்கா? புரொபசருக்கு மெயில் போட்டியா?" என்று கேளுங்கள். தூர தேசத்தில் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு அதுவே பாதி தைரியம்.