தபாற்குறி சொல்லும் காலம்



இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை பார்த்தனர். காரைநகரிலிருந்து கடல் கடந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களுட் போரும் இடப்பெயர்வும் விட்டுவைத்தவை மிகச் சிலவே. அவற்றின் உறைகளிலிருந்தும் சிறுவர் முத்திரையை வெட்டியெடுத்துவிடுகின்றனர். அவ்வாறு வெட்டும்பொழுது, முத்திரையின்மேற் குத்தப்பட்ட தபாற்குறி இரண்டாகிவிடுகின்றது. முத்திரையை வேறெங்கும் பெறலாம். அக்குறியையோ மீண்டும் பெறல் இயலாது.

தபாற்குறி ஊரையும் நாளையும் கூறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் போர்க்காலக் குறிகளை ஆராயாது நம்புதல் ஆகாது. இதனை விளக்கத் தூரதேசத்து உதாரணம் ஒன்றை முதலிற் காண்போம்.

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கியபொழுது, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் பழைய யூலியன் நாட்காட்டியே வழங்கியது. அது நம்முடைய ஆங்கில நாட்காட்டிக்கு 13 நாள் பிந்தியது. ஆகவே ரஷ்யக் குறியில் 10ஆந் தேதி என்றிருப்பின், நாம் 23 எனக் கொள்ளல் வேண்டும். 1918இல் சனவரி 31க்கு அடுத்த நாளைப் பெப்ரவரி 14 ஆக்கி இவ்வேறுபாட்டை நீக்கினர். இனி, போர்க்களத் தபாற்கந்தோரின் குறியிற் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இராது; இலக்கமோ படைப்பிரிவின் பெயரோ இருக்கும். படை நகரக் கந்தோரும் உடன் நகரும். ஆதலாற் சேகரிப்போர், அப்படை அந்நாளில் எங்கு நின்றது என்பதை வரலாற்றிற் பார்த்தும், உறையின் பின்புறத்து வருகைக்குறியோடு ஒப்பிட்டுமே இடத்தைத் துணிவர்.

இதே முறை மலாயாக் கடிதங்களுக்கும் பொருந்தும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதன் பெயர் சியோனான் என மாறியது. அக்கால முத்திரைகளில் 2602 என்னும் எண் பொறிக்கப்பட்டது. அது விலையன்று, ஆண்டு. ஜப்பானியரின் பழைய ஆண்டுக்கணக்கு கிறித்துவுக்கு முன் 660இல் தொடங்குவது. எனவே 2602இலிருந்து 660ஐக் கழிக்க 1942 கிடைக்கும்.

அவ்வாண்டுகளில் மலாயாவுக்கும் இலங்கைக்கும் இடையே வழக்கமான தபால் நின்றுபோயிற்று. 1945இல் ஜப்பான் சரணடைந்த பின்னரே அது மீண்டது. ஆதலால், அதன்பின் ஒரு வீட்டுக்கு வந்த முதற் கடிதத்தின் குறி வெறும் மையன்று. மகனோ கணவனோ உயிருடன் இருக்கிறான் என்று அக்குடும்பம் அறிந்த காலத்துக்கு அதுவே சாட்சி.

ஆகையால் நேயர்களே, பழைய உறைகளை வெட்டாதீர்கள். முத்திரையைக் கழற்ற நீரில் இடாதீர்கள். கடிதத்தை அதன் உறையோடு வைத்து, எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதைத் தனித்தாளிற் குறித்து உடன் வையுங்கள். அறிந்த முதியோர் இருக்கும்பொழுதே இதனைக் கேட்டெழுதிக்கொள்வது நன்று.