காசித்தும்பை: பள்ளித் தோட்டத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

தாவரத் தண்டின் வழியே நீர் மேலேறுவதைக் கற்பிக்கும்போது பெரும்பாலும் கரும்பலகையில் படம் வரைந்து, அம்புக்குறி இட்டு முடித்துவிடுகிறோம். மாணவர் பாகம் குறித்து மதிப்பெண் பெறுவார். நீர் ஏறுவதைப் பார்த்திருக்க மாட்டார். இதைக் கண்ணால் காட்ட ஒரு காசித்தும்பைச் செடி போதும். அதன் தண்டு சாறு நிறைந்தது, ஏறத்தாழ ஒளி ஊடுருவக்கூடியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். வயல் வரப்பில் வெள்ளையாகப் பூக்கும் தும்பை வேறு, காசித்தும்பை வேறு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. காசித்தும்பையின் தாவரவியல் பெயர் இம்பேஷன்ஸ் பால்சமினா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. 'இம்பேஷன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பொறுமையற்றது என்று பொருள். முற்றிய காயைத் தொட்டவுடன் அது வெடித்து விதைகளை வீசுவதே காரணம். இப்பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலை அவற்றின் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று.

ஏற்காடு கோடை விழாவுக்குச் சென்று திரும்புவோர் சிலர் தட்டையான பூக்களைக் கொண்ட, தொட்டியில் வளரும் இம்பேஷன்ஸ் வகையை வாங்கி வருவதுண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி குளிர்ச்சியையும் நிழலையும் விரும்புவது. ராசிபுரம் போன்ற சமவெளியின் வெயிலில் அது துவண்டுவிடும். நம் பள்ளிகளுக்கு ஏற்றது நாட்டுக் காசித்தும்பையே.

வளர்க்கும் முறை எளிது. ஆடி மாதத் தொடக்கத்தில் விதைக்கலாம். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து பாத்தி அமைக்க வேண்டும். விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண் போர்வை இட்டால் போதும். சுமார் பத்து நாள்களுக்குள் முளைக்கும். நான்கு இலை விட்டதும் ஓர் அடி இடைவெளியில் பிரித்து நடலாம். வேம்பு அல்லது புங்க மரத்தின் கிழக்குப் பக்கம் நல்ல இடம். அங்கே காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் வெயில் தாக்காது.

இச்செடிக்குத் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, தேங்கினாலும் ஆபத்து. குறைந்தால் சில மணி நேரத்தில் தலை சாயும். தேங்கினால் வேர் அழுகும். மதிய உணவுக்குப் பின் மாணவர் சோப்பில்லாமல் கை கழுவும் நீரைப் பாத்திக்குத் திருப்பலாம். காலாண்டு விடுமுறையில்தான் பல பள்ளித் தோட்டங்கள் காய்கின்றன. விடுமுறைக்கு முன்பே காய்ந்த இலையையோ கரும்புச் சோகையையோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மாணவர்களின் பெற்றோர் ஒப்புதலுடன் நீர் விடும் முறைப்பட்டியல் தயாரித்துவிட வேண்டும்.

வாலில் கொம்பு போன்ற முள்ளுடன் பருத்த புழு இலையைத் தின்றால் பூச்சிமருந்து தேட வேண்டாம். அது ஒருவகை அந்துப்பூச்சியின் புழு. வலை கட்டிய பெட்டியில் இலையோடு விட்டால் வாழ்க்கைச் சுழற்சிப் பாடமாகிவிடும்.

இனி வகுப்பறை. ஆகஸ்ட் இறுதியில் செடி ஓர் அடி வளர்ந்திருக்கும். ஒரே அளவுள்ள இரு தண்டுகளை நீருக்குள் வைத்தபடியே வெட்டி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்துங்கள். ஒன்றில் இலைகளை நீக்கிவிடுங்கள். வெளிச்சமான இடத்தில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தண்டினுள் சிவப்புக் கோடுகள் தெரியும். குறுக்கே வெட்டினால் சைலம் இருக்கும் இடங்கள் சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். இலை உள்ள தண்டில் நிறம் வேகமாக ஏறும். ஏன் என்ற கேள்வியை மாணவரே கேட்பார். நீராவிப்போக்குப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

புரட்டாசி, ஐப்பசியில் பூவும் காயும் வரும். தரையில் பழைய துணி விரித்து, நடுவில் ஒரு முற்றிய காயைத் தொடச் செய்யுங்கள். காயின் ஐந்து ஓடுகளும் நொடியில் சுருண்டு விதைகளை எறியும். தொடக்க வகுப்பினர் விதைகளை எண்ணலாம். நடுநிலை வகுப்பினர் தூரத்தை அளந்து சராசரி காணலாம். உயர்வகுப்பில் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதைப் பேசலாம். செடியின் எப்பகுதியையும் வாயில் வைக்கக் கூடாது என்று மட்டும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

விதை சேகரிப்பில் கவனம் தேவை. மஞ்சளாகத் தொடங்கும் காயின் மேல் காகித உறையைக் கவிழ்த்துப் பறித்தால் விதை சிதறாது. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா என்று பூ நிறத்தை உறையின் மேல் எழுதி, நிழலில் உலர்த்தி வையுங்கள். அடுத்த ஆண்டு விதைக்கும்போது தாய்ச்செடியின் நிறமே வருகிறதா என்று பார்ப்பது பத்தாம் வகுப்பின் மரபியல் பாடத்துக்கு நல்ல முன்னுரை. ஒருமுறை வாங்கும் விதை போதும். பக்கத்துப் பள்ளிக்கும் ஓர் உறை கொடுக்க மிஞ்சும்.