ரோஸ் ஆஸ்லெண்டர்: 26 வருஷ இடைவெளி

ஜெர்மன் கவிஞர் ரோஸ் ஆஸ்லெண்டரைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது ஒரு இடைவெளியில் நின்றுவிட்டேன். முதல் தொகுப்பு 1939இல், இரண்டாவது 1965இல்.

இன்று உக்ரைனில் இருக்கும் செர்னோவிட்ஸில் 1901இல் பிறந்த யூதர். வீட்டில் பேசியது ஜெர்மன். 1921இல் அமெரிக்கா போய், பத்து வருஷத்தில் ஊர் திரும்பினார். (ஆஸ்லெண்டர் கணவர் வழி வந்த பெயர், அர்த்தமே 'வெளிநாட்டார்'தான்!) போர்க்காலத்தில் அம்மாவோடு கெட்டோவில் அடைபட்டார், நிலவறைகளில் ஒளிந்தார். 1946இல் மறுபடி நியூயார்க். மறுவருஷமே ருமேனியாவில் அம்மா இறந்துபோனார்.

அதுக்கப்புறம் 1956 வரை கவிதை எல்லாம் ஆங்கிலத்தில்தான். பகலில் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்து வேலை. கொலைகாரர்களின் மொழி என்று ஜெர்மனை ஒதுக்கினார் என்பது சுலபமான விளக்கம். எனக்கு அது முழுசா ஒப்பவில்லை. அது அம்மாவின் மொழியும்தானே. ரெண்டும் ஒண்ணாக இருந்ததுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனுக்கே திரும்பு என்று ஊக்கப்படுத்தியவர் யார் தெரியுமா? அமெரிக்கக் கவிஞர் மரியான் மூர். திரும்பியபோது பழைய சந்தமும் இயைபும் போய்விட்டன, வரிகள் குறுகிவிட்டன. 1965இல் டூசல்டார்ஃபில் குடியேறினார். கடைசிப் பத்து வருஷம் படுத்த படுக்கை; அவர் சொல்லச்சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள், ஜெர்மனில். 1988இல் காலமானார்.