கண்ணு எங்க இருக்கணும்? எஃப்.பி.எஸ். ஆடுறவங்களுக்கு ஒரு விளக்கம்

"அண்ணா, அவன் உங்க ஸ்க்ரீன்லயேதான் நின்னான்."

போன சிம்போசியம்ல வேலரன்ட் ஃபைனல் முடிஞ்சதும் எங்க டீம் ஜூனியர் சொன்னது இந்த ஒரு வரிதான். ஸ்கோர் 11-12. அசென்ட் மேப், ஏ சைட். ஸ்பைக் வச்சாச்சு. எங்க பக்கம் மிச்சம் நான் மட்டும், அந்தப் பக்கமும் ஒருத்தன். ஸ்பைக்கைத் தொடுற சத்தம் கேட்டுது. டிஃப்யூஸ் பண்ண 7 செகண்டு ஆகும், அதுக்குள்ள போட்டுடலாம்னு ஏ மெயின்ல இருந்து வெளிய வந்தேன். ஸ்பைக் பக்கத்துல யாரும் இல்ல. அடுத்த நொடி நான் செத்துட்டேன். சும்மா ஒரு தட்டு தட்டிட்டு அவன் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்னுட்டான்.

மூணு மாசமா ராத்திரி ராத்திரியா ஆடிப் பழகின நாலு ஜூனியர் பசங்க. எனக்கு அது கடைசி வருஷ சிம்போசியம். அன்னைக்கு நைட் மெஸ்ல யாரும் சரியா பேசல. எனக்கு ரியாக்‌ஷன் போயிடுச்சு, மானிட்டரும் பழசு, இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டை அப்படியே போட்டு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

அதுக்கு முன்னாடி ரெக்கார்டிங்கை ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பார்த்தேன். ஜூனியர் சொன்னது நிஜம். நான் சாகறதுக்கு அரை செகண்டு முன்னாடியே அவன் என் ஸ்க்ரீன்ல இருக்கான். இடது ஓரத்துல, அசையாம. நான் முழுசா வெளிய வரட்டும்னு காத்திருக்கான்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு. 144 ஹெர்ட்ஸ்ல 6.9. வித்தியாசம் 10 மில்லிசெகண்டு கூட இல்ல. நான் கோட்டை விட்டது 500 மில்லிசெகண்டு. அப்போ பிரச்சினை மானிட்டர்ல இல்ல, என் கண்ணு எங்க இருந்துச்சுங்கறதுலதான். அதைப் பத்தி தேடிப் படிச்சதும், ஆடிப் பார்த்துக் கத்துக்கிட்டதும்தான் இந்தக் கட்டுரை.

கட்டைவிரல் நகம் அளவுதான் பார்வை

மொத்த ஸ்க்ரீனும் தெளிவாத் தெரியுதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில விழித்திரை நடுவுல ஃபோவியான்னு ஒரு குட்டி இடம் இருக்கு. கூர்மையான பார்வை அங்கதான். அது பிடிக்கிற அகலம் சுமார் 2 டிகிரி. கையை முழுசா நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாருங்க, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போ மானிட்டருக்குக் கணக்கு போடுவோம். 24 இஞ்ச் மானிட்டரோட அகலம் சுமார் 53 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தா அது கண்ணுக்கு 48 டிகிரி வரும். அதுல தெளிவாத் தெரியறது 2 டிகிரி, அதாவது சுமார் 2 செ.மீ. சந்தேகமா இருந்தா இந்த வரியில ஒரு எழுத்தை மட்டும் முறைச்சுப் பார்த்துக்கிட்டே, கண்ணை நகர்த்தாம, நாலு வார்த்தை தள்ளிப் படிச்சுப் பாருங்க. முடியாது.

அப்போ மீதி ஸ்க்ரீன்? அதை ஓரக்கண்ணு பார்த்துக்குது. ஓரக்கண்ணுக்கு விவரம் தெரியாது, கலர் சரியாத் தெரியாது. ஆனா அசைவு நல்லாத் தெரியும். யாராவது ஓடினா உடனே பிடிச்சுடும். அசையாம நின்னா, அதுவும் பக்கத்துல பெட்டி, தூண்னு கூட்டமா இருந்தா, கோட்டை விட்டுடும். ஜெனரேட்டர்கிட்ட நின்னவன் எனக்குத் தெரியாமப் போனது இதனாலதான். அவன் ஒரு அடி நகர்ந்திருந்தாலும் பார்த்திருப்பேன்.

கிராஸ்ஹேரையே பார்க்கலாமா?

புதுசா ஆடுற எல்லாரும் பண்றது இது. தப்புன்னு ஒரேயடியா சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, கிராஸ்ஹேர் எப்பவும் ஸ்க்ரீன் நடுவுலதான் இருக்கு. எங்கயும் ஓடிப் போகாது. எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ணை எதுக்குப் பார்க்கணும்? தெரியாதது எதிரி எங்க வருவான்ங்கறது. பார்வையைச் செலவு பண்ண வேண்டியது அங்கதான்.

கிரிக்கெட்ல இதே கதை இருக்கு. 2000-ல மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட்னு ரெண்டு விஞ்ஞானிகள் பேட்ஸ்மேன்களுக்கு கண் அசைவைப் பதியற கேமரா மாட்டி ஒரு ஆய்வு பண்ணி, நேச்சர் நியூரோசயின்ஸ் இதழ்ல வெளியிட்டாங்க. "பாலை கடைசி வரைக்கும் பாரு"ன்னுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க? பேட்ஸ்மேன்கள் அப்படிப் பார்க்கல. பால் கிளம்பும்போது பார்க்கறாங்க, உடனே கண்ணு அது பிட்ச் ஆகப்போற இடத்துக்குத் தாவி அங்க காத்திருக்கு. நல்ல பேட்ஸ்மேனோட கண்ணு இன்னும் சீக்கிரம் தாவுது.

நமக்கும் அதேதான். எதிரி வரப்போற இடத்துக்குக் கண்ணு முதல்ல போகணும், கிராஸ்ஹேர் பின்னாடியே அங்க போய்ச் சேரணும். அதுக்கு அப்புறம் ரெண்டும் ஒரே இடத்துல இருக்கும். பாக்கறவங்களுக்கு 'இவன் கிராஸ்ஹேரைத்தான் பாக்கறான்'னு தோணும். ஆனா நாம பாக்கறது அதுக்குப் பின்னாடி இருக்கற மூலையை.

நாலு சூழ்நிலை

1. ஆங்கிள் பிடிச்சு நிக்கும்போது: சுவர் விளிம்புல கண்ணை ஒட்டாதீங்க. கண்ணால ஒண்ணைப் பார்த்து விரல் கிளிக் பண்ண நல்லா ஆடுறவங்களுக்கே 200 மில்லிசெகண்டு ஆகும். வேலரன்ட்ல ரைஃபிளோட ஓடுற வேகம் செகண்டுக்கு 5.4 மீட்டர். 0.2 செகண்டுல எதிரி 1.08 மீட்டர் நகர்ந்திருப்பான். விளிம்பை ஒட்டி குறி வச்சா, குண்டு அவன் விட்டுட்டுப் போன இடத்துக்குத்தான் போகும். அதனால விளிம்புக்கும் கிராஸ்ஹேருக்கும் நடுவுல இடைவெளி விடுங்க, கண்ணு அந்த இடைவெளியில இருக்கட்டும். அதே 1 மீட்டர் 10 மீட்டர் தூரத்துல சுமார் 6 டிகிரி, 30 மீட்டர் தூரத்துல வெறும் 2 டிகிரி. அதனால கிட்டன்னா இடைவெளி பெருசு, தூரம்னா சின்னது.

2. சைட்டுக்குள்ள நுழையும்போது: இங்க கண்ணு எப்பவும் ஒரு மூலை முன்னாடி இருக்கணும். பைக் ஓட்டும்போது முன் சக்கரத்தையா பார்க்கறோம்? வளைவோட அடுத்த பக்கத்தைத்தானே பார்க்கறோம். ஒரு மூலை காலின்னு தெரிஞ்ச நொடியில கண்ணு அடுத்த மூலைக்குப் போயிடணும், கை பின்னாடி வரட்டும். யாரும் இருக்க மாட்டாங்கன்னு தோணற மூலையையும் ஒரு தடவை நேரடியா பார்த்துடணும், ஓரக்கண்ணை நம்பி விடக்கூடாது. அன்னைக்கு நான் பண்ணின தப்பு இதுதான். சத்தம் வந்த இடத்துக்கு மட்டும் கண்ணு போச்சு, ஜெனரேட்டருக்குப் போகல.

3. எதிரி தெரிஞ்சதும்: கண்ணு அவன் தலைக்குப் போகணும். அதுக்கு அப்புறம் கையை நம்புங்க. பாதி வழியில கிராஸ்ஹேர் வந்துடுச்சான்னு திரும்பிப் பார்த்தா ஒரு தாவல் வீண். தண்ணி டம்ளரை எடுக்கும்போது நாம கையைப் பாக்கறதில்ல, டம்ளரைத்தான் பாக்கறோம்.

4. சுட்டுக்கிட்டு இருக்கும்போது: துப்பாக்கி குதிக்கறதையும், சுவத்துல குண்டு பட்ட அடையாளத்தையும் பார்க்கத் தோணும். வேண்டாம். கண்ணு எதிரி மேலயே இருக்கட்டும். அவன் உட்கார்ந்தானா, ஒதுங்கினானான்னு அப்போதான் தெரியும்.

இதுக்கெல்லாம் அடிப்படை கிராஸ்ஹேர் உயரம். வேண்டல்ல தலையில ஒரே குண்டு பட்டா எந்தத் தூரத்துலயும் 160 டேமேஜ். முழு ஷீல்டோட இருக்கறவனுக்கே 150 தான். நடக்கும்போது தரையைப் பார்த்துக்கிட்டே போனா, கண்டுபிடிச்ச அப்புறம் தலைக்கு ஏத்தற நேரத்துலயே சண்டை முடிஞ்சுடும்.

மினிமேப்பை எப்போ பார்க்கறது?

கண்ணு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கிக்கிட்டு போகாது, தாவும். அந்தத் தாவலுக்குப் பேர் சக்கேட். தாவுற நேரத்துல மூளை படத்தை அமுக்கிடும். வீட்ல சோதிக்கலாம்: கண்ணாடி முன்னாடி நின்னு உங்க இடது கண்ணைப் பாருங்க, அப்புறம் வலது கண்ணைப் பாருங்க. உங்க கண்ணு நகர்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டுக்குத் தெரியும்.

மேல் இடது மூலையில இருக்கற மினிமேப்புக்குத் தாவி, படிச்சு, புரிஞ்சு, திரும்பி வர சுமார் அரை செகண்டு ஆயிடும். அந்த அரை செகண்டு ஒரு ஆங்கிளை யாரும் காவல் காக்கல. அதுக்காக மேப்பே பார்க்காம ஆடவும் முடியாது. நான் வச்சிருக்கற விதி சின்னது: மறைவுல இருக்கும்போது மட்டும். ரீலோடு பண்ணும்போது, ஒரு கில் எடுத்து உள்ள வந்ததும், ஸ்பானில இருந்து ஓடும்போது, ஸ்மோக் உள்ளப் பாதுகாப்பா நிக்கும்போது. திறந்த இடத்துல கால் வச்சதும் மேப் கிடையாது, ஸ்கோர் கிடையாது, குண்டு எத்தனை மிச்சம்னு பார்க்கறதும் கிடையாது. வெளிய வர்றதுக்கு முன்னாடியே பார்த்துடணும்.

போன்ல பிஜிஎம்ஐ ஆடுறவங்களுக்கு ஸ்க்ரீன் சின்னது, கண்ணு தாவுற தூரம் கம்மி. ஆனா எதிரியும் எறும்பு மாதிரிதான் தெரிவான். அங்க ஒரே இடத்தை முறைக்கறதை விட, புல் மேடு, ஜன்னல், மரத்தடின்னு ஒவ்வொரு இடமா நிறுத்தி நிறுத்திப் பார்க்கறது வேலை செய்யும். வேகமா கேமராவைச் சுத்தினா அசையாம படுத்திருக்கறவன் சிக்கவே மாட்டான்.

எப்படிப் பழகறது?

முதல்ல உங்க கண்ணு இப்போ எங்க போகுதுன்னு தெரியணும். காசு செலவில்லாத வழி: மானிட்டர் மேல போனை வச்சு, முன் கேமராவுல உங்க முகத்தை வீடியோ எடுத்துக்கிட்டே ஒரு மேட்ச் ஆடுங்க. கேம் ரெக்கார்டிங்கையும் இதையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. கண்ணு மேல் இடது மூலைக்குப் போறது வீடியோவுல நல்லாத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது: பயம் வந்தா மினிமேப்பைப் பாக்கறேன். தகவலுக்காக இல்ல, பதட்டத்துல, எக்ஸாம் ஹால்ல வாட்சைப் பாக்கற மாதிரி.

அடுத்து, தினம் மூணு சாவு மட்டும் எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே கேள்வி: அவன் ஸ்க்ரீன்ல வந்த நேரத்துல நான் எதைப் பார்த்துட்டு இருந்தேன்? பதில் எழுதி வைங்க. ஒரு வாரத்துல உங்க கெட்ட பழக்கம் எதுன்னு தெளிவா வந்துடும்.

மூணாவது, ஆள் இல்லாத கஸ்டம் மேப்ல நடந்து பாருங்க. சுட வேண்டாம். ஒவ்வொரு மூலைக்கும் கண்ணு முதல்ல, கிராஸ்ஹேர் அப்புறம். பத்து நிமிஷம் போதும். போரடிக்கும்தான், ஆனா மேட்ச்ல யோசிக்காம வரும்.

இது பழகிக்கக் கூடியதுதான்னு ஆதாரமும் இருக்கு. 2003-ல ஷான் கிரீன், டாஃப்னே பவேலியர் ரெண்டு பேரும் நேச்சர் இதழ்ல வெளியிட்ட ஆய்வுல, கேம் ஆடாதவங்களை தினம் 1 மணி நேரம்னு 10 நாள் ஆட வச்சாங்க. மெடல் ஆஃப் ஹானர் ஆடினவங்க, ஓரக்கண்ணுல வர்றதைக் கவனிக்கற சோதனையில டெட்ரிஸ் ஆடினவங்களை விட அதிகமா முன்னேறினாங்க.

கண்ணைக் காப்பாத்துங்க

ஸ்க்ரீனை முறைக்கும்போது நாம கண் சிமிட்டறது குறைஞ்சுடும். எரிச்சல், தலைவலி எல்லாம் அதனாலயும் வரும். ரவுண்டு ஆரம்பத்துல துப்பாக்கி வாங்கற 30 செகண்டுல வேணும்னே நாலஞ்சு தடவை நல்லா சிமிட்டுங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கற எதையாவது 20 செகண்டு பாருங்க. செத்துட்டு ஸ்பெக்டேட் பண்ற நேரம் அதுக்குன்னே இருக்கு. விளக்கை அணைச்சுட்டு ஆடாதீங்க. தூரத்துல இருக்கற எதிரி மட்டும் இல்ல, கிளாஸ்ல போர்டும் மங்கலாத் தெரியுதுன்னா பிரச்சினை செட்டிங்ஸ்ல இல்ல, கண் டாக்டரைப் பாருங்க.

மானிட்டர் வாங்கல. ஸ்டைபெண்ட் ப்ராஜெக்ட் செலவுக்குப் போச்சு. ரெண்டு மாசம் இப்படிப் பழகினதுல நான் ஒண்ணும் ப்ரோ ஆயிடல, ரேங்க் கொஞ்சம்தான் ஏறிச்சு. ஆனா போன வாரம் ஹாஸ்டல் மேட்ச்ல அதே அசென்ட், அதே ஏ மெயின். வெளிய வரும்போது கண்ணு முதல்ல ஜெனரேட்டருக்குப் போச்சு. ஒருத்தன் அசையாம நின்னுட்டு இருந்தான். எங்க ஜூனியர்தான், எதிர் டீம்ல ஆடினான்.

"எப்படிண்ணா பார்த்தீங்க?"ன்னு கேட்டான். அவன் சொல்லிக் கொடுத்ததுதான்னு சொன்னேன்.