மீன் தொட்டிக்கு மணல் போடப்போறீங்களா? முதல்ல வினிகரை எடுங்க!

மீன் தொட்டி வாங்கியதும் பலரும் அடியில் கொட்டுவது கலர் கற்களைத்தான். அழகுதான், ஆனால், மீசையால் தரையைத் துழாவி இரை தேடும் கோரிடோரஸ் போன்ற மீன்களுக்கு அது தண்டனை. கூரான கற்கள் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். அதே மீனை மணலில் விட்டுப் பாருங்கள். முகத்தைப் புதைத்து, அள்ளிய மணலைச் செவுள் வழியே உதிர்க்கும். டி.வி-யை அணைத்துவிட்டு அதையே பார்க்கலாம்!

எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் முனைகள் கூர்மை. கடற்கரை மணலில் இருக்கும் சிப்பித்தூள், தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.ஹெச் அளவையும் ஏற்றிவிடும். சந்தேகமா? ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். நுரைக்காத ஆற்று மணல் போதும். அரிசி களைவதுபோல தண்ணீர் தெளியும்வரை அலசவும். (பொறுமை வேணும், பத்துத் தடவைகூட ஆகலாம்!)

உயரம் 1 முதல் 2 அங்குலம். அதற்கு மேல் போனால், ஆக்ஸிஜன் இறங்காத அடிப்பகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரலாம். அழுகிய முட்டை வாடை அதுதான், மீன்களுக்கு விஷம். எனவே, வாரம் ஒருமுறை குச்சியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். கழிவு மணலின் மேலேயே தங்கும். சைபன் குழாயை ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்தால் மணல் வராது.

மணல் கொட்டும்போது ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். மோட்டாருக்குள் மணல் புகுந்தால் செலவுதான்.