வீடு யாருக்கு?

2020-இல் ஊரடங்கு வந்தது. "வீட்டிலிருந்தே வேலை" என்றது நகரம், ஏதோ புதுமை பிறந்ததுபோல! நீலமலையிலே அது பழைய கதையடா தம்பி! லயன் வீட்டு வாசலைத் தாண்டினால் தேயிலைச் செடி. பயணமில்லை, பஸ் கட்டணமில்லை. பெரும்பேறு என்பாயா?

வேலை போனால் வீடும் போகும்! 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் உழைக்கும் நாள்வரைதான் கூரை கொடுத்தது. சோவியத்து சிதறியபின் குன்னூர் ஏலத்தில் விலை சரிந்தது. கணக்கேட்டிலே முதலாளிக்கு நட்டம், லயத்திலே அடுப்புக்கே ஆபத்து!

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கப்பலேற்றி அனுப்பிய நம்மவருக்காக 1968-இல் அரசு தொடங்கிய திட்டமே, 1976-இல் 'டான்டீ' ஆயிற்று. ஒருமுறை வீடிழந்தவர்கள் அவர்கள்! நாற்பதாண்டு கொழுந்து கிள்ளிய தாய், ஓய்வு நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவாள்? குடியிருந்த வீட்டையோ, ஈடான மனையையோ அவள் பெயருக்கு எழுதிக்கொடு என்கிறோம்.